கை எட்டும் தூரம்

ஜனவரி 9

மதிப்பிற்குரிய அண்ணிக்கு,

வணக்கம். இந்தக் கையெழுத்து உங்களுக்குப் பழக்கமில்லாதது. உங்கள் தம்பியை நான் கட்டிக்கொண்டு இரண்டு வருடம் ஆகிறது. "எனக்கு அக்கா ஒருத்தி இருந்தா" என்று அவர் ஒரே ஒரு முறை சொல்லியிருக்கிறார். இருந்தா என்று சொன்னதால், நீங்கள் உயிரோடு இல்லை என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்படி எழுதுவதற்கு மன்னியுங்கள்.

போன மாதம் உங்கள் அம்மாவின் தையல் மெஷினைத் துடைத்தபோது, டிராயருக்குள் ஊசிப் பெட்டிக்கு அடியில் நீங்கள் அனுப்பிய பழைய உறை ஒன்று கிடைத்தது. உள்ளே கடிதம் இல்லை. பின்பக்கம் உங்கள் பெயரும், அதன் கீழே மனநல மருத்துவமனை, பெண்கள் வார்டு என்று முகவரியும் இருந்தன. பள்ளியிலிருந்து அந்த மருத்துவமனை அலுவலகத்துக்குப் போன் போட்டு உங்களைக் கேட்டேன். "பயிற்சிக்கார அக்காவா? ஆளுக்கு அடிபடாம எப்படிப் பிடிக்கிறது, யாராவது பிடிச்சா எப்படி வெளிய வர்றதுன்னு எங்க எல்லாருக்கும் அவங்கதான் சொல்லிக்குடுக்குறாங்க" என்றார்கள்.

எனக்கு அதுதான் வேண்டும். நான் பெண்கள் பள்ளியில் கராத்தே ஆசிரியை. பன்னிரண்டு வருடப் பயிற்சி, கறுப்புப் பட்டை. ஆனால் எங்களுடையது எல்லாமே கையை நீட்டி, காலை நீட்டிச் செய்வது. எதிராளி ஓர் எட்டு தள்ளி நின்றால்தான் குத்தும் உதையும் வேலை செய்யும். ஒருவன் ஒட்டி நின்று கையைப் பிடித்துக்கொண்டால் என்ன செய்வது என்று ஒரு மாணவி கேட்டாள். அடுத்த வகுப்பில் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன்.

கடிதத்திலேயே சொல்லித்தர முடியுமா? பதிலைப் பள்ளி முகவரிக்கே போடுங்கள். போன் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி


ஜனவரி 20

தம்பி மனைவிக்கு,

நான் சாகவில்லை. காலில் ஆணி, இடது தோளில் ஒரு பழைய வலி, மற்றபடி கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். வயதில் சின்னவள், நீ என்றே எழுதுகிறேன்.

கராத்தேக்காரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். எங்கள் வார்டில் வேலைக்குச் சேர்ந்த ஒருத்தி முதல் நாளே கறுப்புப் பட்டை என்று நெஞ்சை நிமிர்த்தினாள். மூன்றாம் நாள், அறுபது வயது நோயாளி ஒருத்தி அவள் பின்னலைப் பிடித்துக்கொண்டு பத்து நிமிடம் விடவில்லை. பட்டை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. நான்தான் போய்ப் பிரித்துவிட்டேன்.

உங்கள் ஆட்களிடம் உள்ள கோளாறு ஒன்றுதான். ஆள் நெருங்கினால் குத்துவதற்கு இடம் வேண்டும் என்று உடம்பு தானாகப் பின்னால் போகும். பின்னால் சுவர் இருக்கும். அதனால் முதல் பாடம், பின்னால் போகாதே, உள்ளே போ. ஒட்டிக்கொண்டவளை ஓங்கி அடிக்க யாராலும் முடியாது.

மணிக்கட்டைப் பிடித்தால் இழுக்காதே. இழுபறியில் பலசாலிதான் ஜெயிப்பான். அவன் கட்டைவிரல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார். பிடியில் வாசல் அங்கேதான். மணிக்கட்டின் ஒடுக்கமான பக்கத்தை அந்த வாசலுக்குத் திருப்பி, உன் முழங்கையை அவன் வயிற்றை நோக்கிக் கொண்டுபோ. கை வெளியே வந்துவிடும். முடியைப் பிடித்தால், அந்தக் கையை உன் இரண்டு கையாலும் உன் தலையோடு சேர்த்து அழுத்திக்கொள். அப்புறம் முழங்காலை மடக்கித் தாழ்ந்து திரும்பு.

கூட ஓர் ஆளை வைத்துக்கொண்டுதான் பழக வேண்டும். அதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. வலி எடுத்தால் அவள் உன் உடம்பிலோ தரையிலோ இரண்டு முறை தட்டுவாள். தட்டிய நொடியே விட வேண்டும். ஏன் எதற்கு என்று கேட்கக்கூடாது. தட்டியும் விடாதவளை நான் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். உன் கை யோசிக்காமல் விடுகிற அளவுக்குப் பழகு.

அம்மாவின் மெஷின் இன்னும் இருக்கிறதா? நான் வீட்டை விட்டு வந்து பதினைந்து வருடம் ஆகிறது. வந்த இரண்டாம் வருடம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இறந்துபோனதாகச் செய்தி வந்தது. நான் போகவில்லை. சின்னவனுக்கு அப்போது பதினாறு வயது. அன்றிலிருந்து அவனுக்கு நான் 'இருந்தா'தான்.

ஒன்று கேட்கிறேன். நீ எனக்கு எழுதுவது அவனுக்குத் தெரியுமா?

வார்டுக்காரி


பிப்ரவரி 3

அன்புள்ள அண்ணிக்கு,

பள்ளியில் ஓவிய டீச்சரைப் பிடித்துப் போட்டேன். ஐம்பது வயது, நல்ல கனம். மாலை மணி அடித்த பிறகு விளையாட்டுப் பாயை விரித்து அரை மணி நேரம் பழகுகிறோம். நான் தொட்டாலே அவருக்குக் கிச்சுகிச்சு. "விடுங்க டீச்சர், விடுங்க டீச்சர்" என்று சிரித்துக்கொண்டே இரண்டு தட்டுத் தட்டுவார். விட்டுவிடுவேன். நேற்று எண்ணிப் பார்த்தோம், அரை மணி நேரத்தில் நாற்பது முறை தட்டியிருக்கிறார். "என் வீட்டுக்காரர் கதவைக்கூட இவ்வளவு தட்டுனதில்ல" என்றார். உங்கள் கடிதத்தை அவருடைய வண்ணப் பெட்டி அலமாரியில்தான் வைத்துப் பூட்டுகிறோம்.

மணிக்கட்டு நன்றாக வருகிறது. உள்ளே போவதுதான் வரமாட்டேன் என்கிறது. கால் தானாகப் பின்னால் போகிறது. இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. எங்கள் பயிற்சியில் குத்தை ஆள் மேல் படவிடாமல் ஒரு விரல் முன்னால் நிறுத்துவோம். படாமல் நிறுத்தியவளுக்குத்தான் மதிப்பெண். பன்னிரண்டு வருடமாக நான் அடித்ததே இல்லை, நிறுத்தித்தான் பழக்கம்.

ஒரு மாணவிக்கு ஒரு சந்தேகம். எதிராளி இடக்கையால் இவளுடைய வலது மணிக்கட்டைப் பிடிக்கிறான். கட்டைவிரல் வெளியே இல்லை, மற்ற விரல்களோடு சேர்ந்தே இருக்கிறது, கொக்கி மாதிரி. அப்படியே கையை முதுகுக்குப் பின்னால் மடக்கி மேலே தள்ளுகிறான். அவன் வலக்கை இவள் பின்கழுத்து முடிக்குள் போகிறது. கன்னம் சுவரில் அழுந்தியிருக்கிறது. அவன் கோபப்படுவதில்லை, காதருகில் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறான். இதற்கு வாசல் எங்கே?

உங்கள் கேள்விக்கு அடுத்த முறை பதில் எழுதுகிறேன்.

உங்கள் தம்பி மனைவி


பிப்ரவரி 12

பொண்ணே,

எந்த மாணவி என்று நான் கேட்கப்போவதில்லை. என்னிடம் பொய் சொல்லாதே.

கட்டைவிரலை உள்ளே சேர்த்து இடக்கையால் பிடிக்கிற ஆளை நான் என் வாழ்நாளில் ஒருவரைத்தான் பார்த்திருக்கிறேன். அவர் என் அப்பா. அச்சு இயந்திரத்தில் மாட்டி அவர் இடது கட்டைவிரல் விறைத்துப்போயிருந்தது, அதனால் அப்படிப் பிடிப்பார். சின்னவனுடைய கட்டைவிரலுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனாலும் அப்படியே பிடிக்கிறான் என்றால், பார்த்துக் கற்றிருக்கிறான். காதருகில் மெதுவாகப் பேசுவது உட்பட. உன் கடிதத்தை வார்டு வராந்தாவில் நின்று படித்தேன். இன்னொருத்தியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் கழிவறையில் உட்கார்ந்திருந்தேன்.

கேட்டதற்குப் பதில். மேலே தள்ளுகிற கையை எதிர்க்காதே, தோள் கழன்றுவிடும். கன்னத்தைச் சுவரிலிருந்து எடுக்கப் பார்க்காதே. மடங்கிய கையின் பக்கமாகவே ஓர் அடி நகர்ந்து, இடுப்பைத் தாழ்த்தி, அவனோடு ஒட்டித் திரும்பு. திரும்பியதும் அவன் முகத்துக்கு நேராக நீ இருப்பாய். அங்கே நிற்காதே. இரண்டு கையாலும் அவன் மார்பைத் தள்ளிவிட்டுக் கதவுக்குப் போ. நான் கற்றுத்தருவதெல்லாம் இவ்வளவுதான். அவனுக்கும் உனக்கும் நடுவில் ஒரு கை நீளம் மறுபடி உண்டாக்குவது, அப்புறம் போய்விடுவது.

இதை நன்றாகக் கேள். நாங்கள் வார்டில் ஒருவரைப் பிடிக்க வேண்டுமானால் ஐந்து பேர் போவோம். ஒருத்தி முன்னால் நிற்பாள். அவள் வேலை பேசுவது மட்டும். வெயிலைப் பற்றி, துணியைப் பற்றி, என்ன சாப்பிடலாம் என்பதைப் பற்றி. குரல் உயரவே கூடாது. நோயாளி அவளையே பார்த்துக்கொண்டிருக்க, பக்கத்துக்கு இரண்டு பேராக மற்ற நால்வரும் வந்து நிற்பார்கள். முன்னால் நிற்பவள் "சாப்பாடு ஆறிப்போகுது" என்று சொன்னால் நாலு பேரும் ஒரே நேரத்தில் பிடிப்பார்கள். ஒரு கீறல் விழாது. பல வருடமாக முன்னால் நிற்பது நான்தான். என்னை அறிந்தவர்கள் சொல்வார்கள், இவள் கத்தினால் பயமில்லை, இனிக்க இனிக்கப் பேசினால்தான் பயம் என்று.

ஐந்து பேர் செய்கிற வேலையை நீ தனியாகச் செய்யப் பார்க்காதே. கிளம்பி வா. எனக்கு இரண்டு அறை இருக்கிறது.

வார்டுக்காரி


மார்ச் 1

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று நாள் திறக்காமல் வைத்திருந்தேன். ஓவிய டீச்சர்தான், "படிச்சிடுங்க, படிக்காம இருந்தா மட்டும் இல்லன்னு ஆயிடுமா?" என்று கையில் கொடுத்தார்.

ஆமாம், மாணவி இல்லை. நான்தான்.

ஆனால் நீங்கள் நினைப்பது போல் அவர் கெட்டவர் இல்லை. அவர் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் அவரைக் கேட்டுத்தான் வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். வயதானவர்களின் தாடையை இரண்டு விரலால் தொட்டு, முகத்தைத் திருப்பி, பூ மாதிரி கண்ணாடியை மாட்டிவிடுவார். எனக்குக் காய்ச்சல் என்றால் விடுப்புப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மாதத்தில் இருபத்தைந்து நாள் எங்கள் வீட்டில் சிரிப்புதான் அண்ணி.

மீதி நாட்கள் எதனால் வருகின்றன என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஒரு முறை துண்டை மடித்த விதம். ஒரு முறை போனில் யாருடனோ சிரித்தது. அன்றிலிருந்து என் போன் அவர் சட்டைப்பையில்தான் இருக்கிறது. "நீதான பெரிய கராத்தேக்காரி, எங்க, வெளிய வா பாப்போம்" என்று காதில் சொல்வார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. முந்நூறு பெண்களுக்கு நான் தைரியம் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறேன். வெட்கமாக இருக்கிறது. பயமாகவும் இருக்கிறது, எழுதிவிட்டேன்.

கிளம்பி வரச் சொல்கிறீர்கள். முடியாது. எனக்குத் தோன்றுவது வேறு. ஒரே ஒரு முறை நான் அவரைப் பிடித்துக் காட்டிவிட்டால் போதும். அடிக்க வேண்டாம், அடிக்க எனக்கு மனசும் வராது. எழுந்திருக்க முடியாதபடி ஒரு நிமிடம் பிடித்து வைத்தால் அவருக்குப் புரிந்துவிடும், நிறுத்திவிடுவார். அப்படி ஒரு பிடி சொல்லிக்கொடுங்கள்.

போன வாரம் எங்கள் பயிற்சியைப் பார்க்க அவரே பள்ளிக்கு வந்தார். தலைமை ஆசிரியையிடம் அனுமதி வாங்கிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கப் பார்த்தார். ஓவிய டீச்சர் தட்டத் தட்ட நான் விடுவதைப் பார்த்து அவரும் சிரித்தார். போகும்போது, "நல்லா இருக்கு, நல்ல பழக்கம்" என்றார். மாணவிகளுக்குச் சொல்லித்தரப் புத்தகம் பார்த்துப் பழகுகிறேன் என்று சொல்லிவைத்திருக்கிறேன். நம்பிவிட்டார் என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் தம்பி மனைவி


மார்ச் 10

பொண்ணே,

உனக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா? நீ எழுதியதைப் படித்துவிட்டு உன்மேல் வந்த கோபத்தில் ஒரு தட்டை உடைத்தேன்.

பிடித்துக் காட்டினால் புரிந்துகொள்கிற ஆளை யாரும் பிடிக்க வேண்டியதே இல்லை. இது வெற்றி தோல்விக்காகச் செய்கிற வேலையும் இல்லை. வார்டில் நான் பிடிக்கிறவர்களுக்கு உடம்பு சரியில்லை, என்னிடம் பிடிபட்டதை நாளைக்கு அவர்கள் மனசில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். சின்னவனுக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. இருபத்தைந்து நாள் சிரிக்கத் தெரிந்தவனுக்கு மீதி ஐந்து நாளும் சிரிக்கத் தெரியும். கண்ணாடி போட வருகிற கிழவியை அவன் சுவரில் அழுத்துவதில்லையே. அதை யோசி.

பயிற்சியைப் பார்க்க வந்தான் என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். எனக்கு அந்த வரி பிடிக்கவில்லை. இரண்டு முறை படித்தும் பிடிக்கவில்லை.

நான் சொல்லித்தராவிட்டால் நீ யாரையாவது பார்த்துத் தப்பும் தவறுமாகச் செய்வாய். அந்தப் பயத்தில்தான் எழுதுகிறேன், வேறு எதற்கும் இல்லை. சுவரிலிருந்து திரும்பியதும், அவன் கையை முழங்கைக்கு மேலே உன் அக்குளில் இடுக்கிக்கொள். அவன் மணிக்கட்டை உன் மார்போடு வை. அப்படியே உட்காருவது போல் உன் எடையைக் கீழே விடு. அவன் குப்புறப் போவான். அவன் தோளுக்குப் பின்னால் உன் முழங்காலை வைத்தால் எழ முடியாது. ஓவிய டீச்சரிடம் முதலில் மெதுவாகச் செய்து பார். கை ஒடிகிற பிடி இது. அவர் தட்டியதும் விடு.

செய்யாமல் இருந்தால் சந்தோஷப்படுவேன். இன்னொரு முறை சொல்கிறேன், கிளம்பி வா.

வார்டுக்காரி


ஏப்ரல் 4

அண்ணி,

கையெழுத்து கோணலாக இருக்கும். இடக்கையால் எழுதுகிறேன். ஓவிய டீச்சர் தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார்.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சமையலறையில் நடந்தது. காரணம் கேட்காதீர்கள், எனக்கு ஞாபகம் இல்லை. நீங்கள் சொன்னது எல்லாம் சரியாக வந்தது. உள்ளே போனேன், தாழ்ந்தேன், திரும்பினேன். அவர் முகத்தில் அப்படி ஓர் ஆச்சரியத்தை நான் பார்த்ததே இல்லை. கதவு எனக்கு நேராக, நாலு அடியில் இருந்தது. திறந்தே இருந்தது. நான் கதவைப் பார்க்கவில்லை. கையை இடுக்கினேன், உட்கார்ந்தேன், அவர் குப்புறப் போனார். முழங்காலை வைத்தேன். அவரால் அசைய முடியவில்லை. எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா? அழுகை வந்துவிட்டது. "இனிமே தொட மாட்டேன்னு சொல்லுங்க" என்றேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு கிடந்தார். அப்புறம் வலக்கையால் தரையில் இரண்டு முறை தட்டினார்.

என் கை விட்டுவிட்டது அண்ணி. நான் விடவில்லை, கைதான் விட்டது. இரண்டு மாதமாக ஒரு நாளைக்கு நாற்பது முறை விட்டுப் பழகிய கை.

அவர் அவசரமே படாமல் எழுந்தார். சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். "பாத்தியா, நானும் கத்துக்கிட்டேன்" என்றார். அப்புறம் என் வலது மணிக்கட்டைப் பிடித்தார், கட்டைவிரலை உள்ளே வைத்து. நானும் தட்டினேன். சுவரில், அவர் தோளில், எத்தனையோ முறை தட்டினேன்.

இரண்டு எலும்பு. ஆறு வாரம் கட்டு. மருத்துவர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார், எப்படி ஆச்சு என்று. நான் வாயைத் திறப்பதற்கு முன் உங்கள் தம்பி பதில் சொல்லிவிட்டார். "குளியலறையில வழுக்கி விழுந்துட்டா சார். நான் எத்தன தடவ சொல்லியிருக்கேன், ஈரத்துல பாத்து நடன்னு." குரல் தழுதழுத்தது. மருத்துவர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

வீட்டுக்கு வரும் வழியில் அந்த வாக்கியத்தை எங்கே கேட்டோம் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். உங்கள் முதல் கடிதத்தில்தான். அண்ணி, உங்கள் அம்மா நிஜமாகவே வழுக்கித்தான் விழுந்தார்களா?

உங்கள் தம்பி மனைவி


ஏப்ரல் 10

என் கண்ணே,

இல்லை. வழுக்கி விழவில்லை. எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்துதான் போகவில்லை. போனால் கேட்க வேண்டியிருக்கும், கேட்டால் பதில் தெரிந்துவிடும். அந்தத் தைரியம் எனக்கு இல்லை.

தட்டியதும் விட வேண்டும் என்று நான் ஏன் பேயாக நிற்கிறேன் என்று யாரிடமும் சொன்னதில்லை. வீட்டை விட்டு வந்த அன்று காலை, பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த அறையிலிருந்து அம்மா சுவரை இரண்டு முறை தட்டினாள். கூப்பிடுகிறாள் என்று தெரியும். உள்ளே அப்பா மெதுவாகப் பேசிக்கொண்டிருந்ததும் கேட்டது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் வழியாக இறங்கிவிட்டேன். சின்னவன் அந்த அறைக் கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவனையும் விட்டுவிட்டுத்தான் வந்தேன். அதற்கப்புறம் அவனுக்கு அந்த வீட்டில் வாத்தியார் ஒருவர்தான்.

அந்தப் பாவத்தைக் கழுவத்தான், தட்டினால் விடு, தட்டினால் விடு என்று ஊரில் உள்ள எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தேன். வார்டில் அது சரி. பிடிபட்டவருக்கு எந்த நேரமும் வெளியே வர ஒரு வழி இருக்க வேண்டும். உன் சமையலறையில் பிடிபட்டுக் கிடப்பது யார் என்று நான் யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் வார்டுப் பாடத்தை உனக்கு எழுதினேன். உன் எலும்பை ஒடித்ததில் எனக்கும் ஒரு பங்கு இருக்கிறது. நீ என்னை மன்னிக்க வேண்டாம், வந்து சேர்ந்தால் போதும்.

ஏப்ரல் 23, வியாழக்கிழமை. வேலை நாள், அவன் காலையிலேயே கடைக்குப் போயிருப்பான். காலை பத்தரை மணிப் பேருந்தில் ஏறினால் மதியம் இரண்டேகாலுக்கு இங்கே இறங்குவாய். டிக்கெட்டை ஓவிய டீச்சரை எடுக்கச் சொல். பை வேண்டாம், கட்டுப் போட்ட கையோடு மருத்துவரைப் பார்க்கப் போகிறவள் மாதிரி கிளம்பு. நான் பேருந்து நிலையத்தில் நிற்பேன். நரைத்த தலை, நீலச் சீருடை.

அதற்குள் எதுவும் செய்யாதே. பிடிக்காதே, எதிர்த்துப் பேசாதே, ஒரு கை நீளத்துக்குள் தனியாக நிற்காதே. நான் சொல்லிக்கொடுத்த அந்தத் தட்டு இனி உனக்கு மட்டும்தான் சொந்தம். வெளிப்படையாக எழுத முடியாமல் போனால், கடிதத்தின் அடியில் இரண்டு கோடு போடு. அதைத் தட்டு என்று எடுத்துக்கொள்வேன். இந்த முறை காது கேட்காதவள் மாதிரி போக மாட்டேன்.

உன் அண்ணி


ஏப்ரல் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நலம் அறிய ஆவல்.

என் கைப்பையில் இருந்த டிக்கெட்டை அவர் பார்த்துவிட்டார். உங்களிடம் வரத்தான் எடுத்தேன் என்று சொன்னேன். பழைய உறையில் உங்கள் முகவரி கிடைத்ததையும், ஒரு கடிதம் போட்டதையும் சொன்னேன். அவருக்கு மிகவும் சந்தோஷம். "அக்காவ நானும் பாக்கணும், பதினஞ்சு வருஷம் ஆச்சு" என்றார். வியாழக்கிழமைக்குக் கடையில் விடுப்புச் சொல்லிவிட்டார். எனக்குப் பக்கத்து இருக்கையிலேயே டிக்கெட் எடுத்துவிட்டார்.

எனக்குக் கை சரியாகும் வரை பள்ளிக்குப் போக வேண்டாம் என்று தலைமை ஆசிரியையிடம் அவரே பேசிவிட்டார். இனி வீட்டு முகவரிக்கு எழுதுங்கள்.

எனக்கு எழுதக் கஷ்டமாக இருப்பதால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தாளைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். உங்களிடம் நிறையப் பேச வேண்டும் என்று எழுதச் சொல்கிறார். அம்மாவைப் பற்றியும் பேச வேண்டுமாம். நாங்கள் இருவரும் நன்றாக இருக்கிறோம். இரண்டு பேருக்குச் சாப்பாடு வையுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் தம்பி மனைவி
| |


ஏப்ரல் 18

என் அன்பான சின்னவனுக்கும், தம்பி மனைவிக்கும்,

கடிதம் வந்து சேர்ந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. என் சின்னவன் என்னைப் பார்க்க வருகிறான் என்று வார்டு முழுக்கச் சொல்லிவிட்டேன். எவ்வளவு வளர்ந்திருப்பாய் என்று கண்ணுக்குள் அளந்து பார்க்கிறேன்.

இங்கே இரண்டு நாளாக வெயில் குறைந்திருக்கிறது. காலையில் நல்ல காற்று. மெல்லிய பருத்திச் சட்டையாகப் போட்டுக்கொண்டு வா. அறைக்குப் புதுத் திரை தைத்திருக்கிறேன். உனக்குச் சின்ன வயதில் பிடித்த நீல நிறம். இன்னும் அதே நிறம்தானே பிடிக்கும்? வந்ததும் வாய் வலிக்கும் வரை பேசலாம். அம்மாவைப் பற்றியும் பேசலாம். நீ கேட்கிறதெல்லாம் சொல்கிறேன்.

நான் மாறிப்போயிருக்கிறேன், உனக்கு அடையாளம் தெரியாமல் போகலாம். அதனால் பேருந்து நிற்கிற இடத்திலேயே, உனக்கு நேர் எதிரே நிற்பேன். வேறு எங்கும் தேடாதே, என்னையே பார்த்துக்கொண்டு இறங்கு. உன் மனைவிக்குக் கை சரியில்லை, கூட்டத்தில் இடிபட்டுவிடப் போகிறாள். அவளை முதலில் இறங்க விடு. அவள் நேராக என்னிடம் நடந்து வரட்டும்.

என்னோடு வேலை பார்க்கிறவர்கள் நாலு பேர் உன்னைப் பார்க்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். நல்ல பிள்ளைகள், எல்லோரையும் நான்தான் பழக்கினேன். பையைத் தூக்க வருகிறார்கள். பக்கத்துக்கு இரண்டு பேராக நிற்பார்கள். நீ எதையும் சுமக்காதே, கையை வீசிக்கொண்டு வா.

என்ன சமைக்கட்டும் என்று யோசித்து யோசித்து, உனக்குப் பிடித்ததையே சமைப்பது என்று முடிவு செய்துவிட்டேன். காலையிலேயே எழுந்து எல்லாவற்றையும் தயாராக வைத்துவிட்டுத்தான் வருவேன். பேருந்து மட்டும் நேரத்துக்கு வந்தால் போதும். நீ கீழே இறங்கி என் முன்னால் நின்றதும் நான் சொல்லப்போகிற முதல் வார்த்தையே அதுதான், சின்னவனே. சாப்பாடு ஆறிப்போகுது.

அன்புடன்,
அக்கா
| |